அயல்மேசை அவதானவியல்: கண்டியையும் சுற்றுமலைகளையும் முன்வைத்து ஓர் ஆய்வு

சக ஊழியர் என்பவருக்கு இலக்கணம் வகுக்காமல் இந்த ஆய்வுக்குள் நுழைய முடியாது. நம்மைவிடக் குறைவாக வேலை செய்துகொண்டு நம்மளவு சம்பளம் வாங்குகிறவர் எவரோ அவரே சக ஊழியர். இந்த இலக்கணத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. பக்கத்து மேசைக்காரரைக் கேட்டாலும் இதே வரியைத்தான் சொல்வார், விரல் மட்டும் நம் பக்கம் நீளும். இரு தரப்பும் மறுப்பின்றி ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணம் சமூக விஞ்ஞானத்தில் அரிது என்பதால், இதையே அத்திவாரமாக வைத்து மேலே கட்டலாம்.

இனி ஆய்வுப் பிரச்சினை. ஒருவர் செய்கிற வேலையை, அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்பது நெடுங்கால நம்பிக்கை. "கண் பார்த்தால் கை செய்யும்" என்று நம்மவர் பழமொழியே சொல்லி வைத்திருக்கிறார்கள். பெரிய கம்பனிகளில் இப்போது இதற்கென்று நாள் குறித்து, புதிதாக வந்தவரைப் பழையவரின் பின்னால் அனுப்பி, மாலையில் ஒரு படிவமும் நிரப்பி வாங்குகிறார்கள். பழமொழிக்கும் படிவத்துக்கும் நடுவே ஒரு கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது: கண் எதைப் பார்த்தால் கை எதைச் செய்யும்? அந்த வெற்றிடத்தை நிரப்பவே இக்கட்டுரை எழுந்தது. (ஆய்வுக் கட்டுரை என்றால் ஏதாவது ஒரு வெற்றிடத்தை நிரப்பியே ஆக வேண்டும். வெற்றிடம் கிடைக்காவிட்டால் முதலில் ஒன்றைத் தோண்டிக்கொள்வது மரபு.)

ஆய்வெல்லை கண்டி நகரமும், அங்கிருந்து பஸ்ஸில் போய் இருட்டுமுன் திரும்பக்கூடிய மலைகளும். இந்த ஊரைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒருவரையொருவர் வேடிக்கை பார்ப்பதற்கென்றே அமைந்த ஊர் இது. ஒரு பக்கம் ஹந்தானை மலை, இன்னொரு பக்கம் உடவத்தைக்கெலே காடு, பஹிரவகந்தையின் உச்சியில் வெள்ளைப் புத்தர், எல்லாவற்றுக்கும் நடுவே குழியில் கடைத்தெரு. மேலே இருக்கிறவர்கள் கீழே இருக்கிறவர்களை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இந்த வசதியும் போதாதென்று தலதா மாளிகையின் முகப்பில் பத்திரிப்புவ என்ற எண்கோண மண்டபத்தைக் கட்டுவித்து, அங்கிருந்தபடி குடிகளைப் பார்த்தான். 1815இல் அவனைக் கைவிட்டவர்கள் கீழே தூரத்தில் நின்ற குடிகள் அல்லர். கூடவே உத்தியோகம் பார்த்த பிரதானிகள். உயரத்திலிருந்து பார்ப்பதன் குறைபாடு இத்துறையில் அப்போதே நிறுவப்பட்டுவிட்டது.

முன்னையோர் ஆய்வுகளைப் பொறுத்தமட்டில், முதல் மரியாதை ரொபர்ட் நொக்ஸுக்கு. 1660இல் கொட்டியாரக் குடாவில் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டு, கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் 19 ஆண்டுகளுக்கு மேல் இருந்து, 1679இல் தப்பியோடி அரிப்பில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்த ஆங்கிலேயர். கள ஆய்வுக்கு இத்தனை நீண்ட அவகாசம் தந்த பல்கலைக்கழகம் உலகில் இல்லை. நுழைவு அனுமதிக்காக அலைகிற ஆய்வாளர்களைத்தான் நாம் அறிவோம். நொக்ஸுக்கு இருந்தது வெளியேறும் அனுமதிப் பிரச்சினை. ஊரார் உழுததையும், ஒருவர் வயலை எல்லோருமாகக் கூடி அறுத்ததையும், மாடுகளை விட்டுச் சூடு மிதித்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்து 1681இல் புத்தகமாக வெளியிட்டார். ஆனால் இந்தக் காலத்தில் அவருடைய கைச்செலவு நடந்தது பெரும்பாலும் தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடன் கொடுத்து வட்டியோடு நெல்லாகவே வாங்கியும். பார்த்த தொழில் ஒன்று, பிழைத்த தொழில் வேறொன்று. பின்னாளில் வந்த ஆய்வாளர் அனைவரும் இந்த முறையியலை நொக்ஸிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது டெய்லர் சிக்கல். இத்துறையில் டெய்லர் என்ற பெயரில் இருவர் உளர், இருவரும் துணி தைத்தவர்கள் அல்லர். மாணவர்கள் பரீட்சையில் இவர்களைக் குழப்பிக்கொள்வதால் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒருவர் அமெரிக்காவின் பிரெடரிக் டெய்லர். கையில் நிறுத்தற்கடிகாரத்தோடு தொழிலாளியின் பக்கத்தில் நின்று, குனிய எத்தனை வினாடி, நிமிர எத்தனை வினாடி என்று அளக்கும் கலையை உலகுக்குத் தந்தவர். 1911இல் வந்த அவருடைய நூலில் பெத்லஹேம் இரும்பாலைத் தொழிலாளி ஒருவர் வருகிறார். நாளொன்றுக்குப் பன்னிரண்டரைத் தொன் வார்ப்பிரும்பு சுமந்தவரை, எப்போது தூக்குவது, எப்போது இளைப்பாறுவது என்று பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லி நாற்பத்தேழு தொன்னுக்கு மேல் சுமக்க வைத்தார்களாம். சம்பளம் 1.15 டொலரிலிருந்து 1.85 டொலருக்கு ஏறியது. சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு, சம்பளம் இரண்டு மடங்குக்கும் குறைவு. பார்த்துக்கொண்டு நின்றவர் ஓர் இரும்பைக்கூடத் தூக்கவில்லை என்பதையும் ஆய்வு நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

மற்றவர் நம்முடைய ஜேம்ஸ் டெய்லர். 1835இல் ஸ்கொட்லாந்தில் பிறந்து, 17 வயது நிரம்புமுன் 1852இல் இலங்கைக்கு வந்து, கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டைப் பக்கமாக ஏறிப் போனால் வருகிற லூல்கந்துர தோட்டத்தில் வாழ்க்கையைக் கழித்தவர். 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பிதான் அப்போது நாட்டின் தங்கம். இரண்டு வருடத்தில் இலைத்துரு நோய் வந்து கோப்பியைக் கொண்டுபோகத் தொடங்கப்போகிறது என்று யாருக்கும் தெரியாது.

இங்கே ஒரு விடயத்தை நிறுத்தி நிதானமாகக் கவனிக்க வேண்டும். இலங்கைக்குத் தேயிலைச் செடி டெய்லரோடு வந்ததல்ல. பேராதனைத் தாவரவியல் பூங்காவில் 1824இலேயே சீனத்துச் செடி இருந்தது, 1839இல் அஸ்ஸாம் செடியும் வந்து சேர்ந்தது. அதாவது கல்விமான்கள் தேயிலையை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெறும் பார்வையே போதுமென்றால் பேராதனையில் ஒரு கோப்பை பிளேன்டீயாவது கிடைத்திருக்க வேண்டும். டெய்லரின் பங்களாவுக்குப் பக்கத்திலும் அப்படிக் கொஞ்சம் செடிகள் சும்மா நின்றன. அந்த வழியாகப் போன நோபல் என்ற தோட்டக்காரர், இந்தியாவின் கச்சாரில் தேயிலை பார்த்தவர், அந்தச் செடிகளிலேயே கொழுந்து கிள்ளி, வாட்டி, உருட்டிக் காட்டினார். டெய்லர் பார்த்தார். பிறகு தானே செய்தார். அவருடைய முதல் தொழிற்சாலை பங்களா விறாந்தைதான். மேசையில் இலையைப் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை முழுக் கையாலும் உருட்டி, களிமண் அடுப்பில் கரித்தணலின் மேல் கம்பித் தட்டு வைத்து உலர்த்தினார்கள். வாடிய இலை உருட்டத் தயாரா என்பதை எந்தக் கடிகாரமும் சொல்லாது. ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிவிட்டால் முறியாமல் கட்டியாக நின்று மெல்ல விரிய வேண்டும். நோபலின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் டெய்லருக்கு இது கிடைத்திருக்காது. கையில் இலை இருந்ததால் கிடைத்தது.

இதன் பிறகும் அவருக்குப் போதவில்லை. 1874இல் தார்ஜிலிங்குக்குப் போனார். நாற்பது வருட உத்தியோகத்தில் அவர் எடுத்துக்கொண்ட ஒரே விடுமுறை அது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதையும் இன்னொருவர் தேயிலை செய்வதைப் பார்க்கவே செலவிட்டார். லீவு போட்டுவிட்டு அயலார் வேலையைப் பார்க்கப் போனவர் வரலாற்றில் வேறு எவரேனும் இருந்தால் அறியத் தரவும். வேலை நேரத்தில் அயலார் வேலையைப் பார்ப்பவர்களின் பெயர்கள் தேவையில்லை, அந்தப் பட்டியல் என்னிடமே உண்டு.

ஆக, ஒரு டெய்லர் மனிதனைப் பார்த்தார், மற்ற டெய்லர் இலையைப் பார்த்தார். இக்கட்டுரையின் கருதுகோள் முழுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

மனிதனைப் பார்ப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. சிக்காகோவுக்கு அருகே ஹோதோர்ன் என்ற தொழிற்சாலையில் 1924 முதல் பல ஆண்டுகள் சோதனை நடத்தினார்கள். வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது. குறைத்தார்கள், அப்போதும் கூடியது. தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்பதே காரணம் என்று சொல்லப்பட்டது. பின்வந்தவர்கள் அந்தக் கணக்குகளைக் கிளறி நிறையச் சந்தேகம் எழுப்பிவிட்டார்கள் என்றாலும், பாடப்புத்தகத்தில் புகுந்த விளைவு எளிதில் வெளியே போகாது.

சிக்காகோவின் முடிவைக் கண்டியில் சரிபார்ப்பது என் கடமை என்று பட்டது. சோதனைக்களம் ஒரு கந்தோர். பெயர் வேண்டாம். ஆய்வுப்பொருள், என் இடப்பக்கத்து மேசையில் இருந்த முகாமைத்துவ உதவியாளர். ஓய்வு வயதை நெருங்கியவர், கந்தோரில் எல்லோருக்கும் அண்ணன். அண்ணன் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பது சிற்றுண்டிச்சாலையில் நெடுநாள் விவாதம். காலையில் அவர் மேசையின் இடப்பக்கம் ஒரு கோப்புக் குவியல் இருக்கும். ஒன்றை எடுப்பார், திறப்பார், பெருமூச்சு விடுவார், மூடுவார், வலப்பக்கம் வைப்பார். அடுத்ததை எடுப்பார். நான் ஒரு கொப்பியை விரித்து இவற்றைக் குறிக்கத் தொடங்கினேன். பெருமூச்சுக்குத் தனி நிரல் போட்டேன். அண்ணன் கண்டுகொண்டார். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு மணியாகுமுன் இடப்பக்கக் குவியல் மொத்தமும் வலப்பக்கம் போய்விட்டது. ஹோதோர்ன் விளைவு ஐயந்திரிபற நிரூபணமாயிற்று. அண்ணனின் மேசைக்கு வலப்பக்கம் இருப்பது என் மேசை.

கொப்பியை மூடிய பிறகுதான் மற்றது தெரிந்தது. பெருமூச்சு விடுகிற நேரத்தில் அண்ணனின் கண் கோப்பில் இருப்பதில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலால் கவுண்டருக்கு முன் நிற்கும் வரிசையில் இருக்கிறது. ஒரு நாள் தெல்தோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். பிறப்புச் சான்றிதழில் மகளின் பெயரை யாரோ ஓர் எழுத்து மாற்றி எழுதிவிட்டிருந்தார்கள். கையில் இருந்த படிவத்தில் ஒரு சொல்கூடத் தமிழில் இல்லை. அதைத் தலைகீழாகப் பிடித்தபடி, முன்னால் நின்றவரின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் எழுந்து போனார்.

"அம்மா, எத்தனை மணி பஸ்ஸுக்குத் திரும்பணும்?"

"மூணு மணி பஸ்ஸ விட்டா லயத்துக்கு நடக்கணுங்க ஐயா."

அவ்வளவுதான் பேச்சு. படிவம் நிரம்பியது. எந்தக் கவுண்டர், எந்த ஐயா, அவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டால் வேறு யார், திரும்பி வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும், எல்லாம் ஒரு துண்டுக் கடதாசியில் தமிழில் எழுதிக் கையில் கொடுக்கப்பட்டது. அண்ணனின் கடமைப் பட்டியலில் இந்த வேலை எந்த வரியிலும் இல்லை. வருடாந்த மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டமும் கிடையாது. அவருடைய கோப்புகள் என்னிடம் வந்து குவிந்ததில் எனக்கிருக்கும் மனத்தாங்கல் தனி, அது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அண்ணனின் வேலை தெரியாது, அண்ணன் எதைப் பார்க்கிறார் என்று பார்த்தால் தெரியும். இத்தனை சிறிய உண்மையை, பணம் கட்டிப் பல தலைமுறையாகத் தேடியும் பிடிக்க முடியாமல் போன ஒரு கூட்டம் இந்த மலைகளில் இருந்தது.

தோட்டத்தில் வேலை பழக வந்த வெள்ளைக்கார இளைஞனுக்கு அவர்கள் வட்டாரத்தில் க்ரீப்பர் என்று பெயர். சம்பளம் கிடையாது. அவன்தான் பெரியதுரைக்குப் பணம் கட்ட வேண்டும். கண்டியில் சினிமாக் கொட்டகை எழும்புமுன்பே, பார்ப்பதற்குக் கட்டணம் வாங்கிய நிறுவனம் இது. பெரியதுரை நடக்கும் வழியில் பின்னால் நடப்பது, அவர் நிற்கும் இடத்தில் நிற்பது, அவர் முகம் சுளித்தால் ஏன் சுளித்தார் என்று யோசிப்பது, இவையே பாடத்திட்டம். விடியுமுன் தப்புச் சத்தம் கேட்கும். பெரட்டுக்களத்தில் ஆட்கள் சேர்வார்கள். கொழுந்துக்கு இத்தனை பேர் ஐந்தாம் நம்பர் மலைக்கு, கவ்வாத்துக்கு இத்தனை பேர் மேற்கணக்குக்கு என்று கணக்கப்பிள்ளை பிரிப்பார். பெரியதுரை தலையசைப்பார். க்ரீப்பரும் தலையசைக்கப் பழகுவான். இப்படிப் பழகிப் பழகி ஒரு நாள் சின்னத்துரை ஆவான். தொப்பியைச் சாய்த்து வைக்கவும், பிரம்பை அக்குளில் இடுக்கவும், மேல் ரோட்டில் நின்றபடி கீழ் மலையை ஏசவும் அவனுக்கு அதற்குள் வந்துவிட்டிருக்கும். பார்த்ததைக் கை செய்துவிட்டது. பழமொழியில் பழுதில்லை.

மொழிப் பயிற்சிக்கும் வழி இருந்தது. சின்னத்துரைமாரின் சட்டைப்பைக்கென்று ஏ. எம். பெர்குசன் இளையவர் ஒரு தமிழ்க் கையேடு தொகுத்தார். அதன் தலைப்பு "இங்கே வா". பிறர் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பார்த்துக் கற்க வந்தவனுக்கு முதற்பாடமே, வேலை செய்கிறவரைத் தான் நிற்கும் இடத்துக்குக் கூப்பிடுவது. அவதானவியலின் முறையியல் நெருக்கடியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எந்தப் பேராசிரியராலும் ஆகாது.

க்ரீப்பர் பார்த்தது துரையை. க்ரீப்பரையும் துரையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது முழுத் தோட்டமும். இந்த அவதானம் கட்டணமின்றி நடந்தது, தரமும் உயர்ந்தது. காலையில் துரை முட்டையைத் தொடாமல் தள்ளிவிட்டார் என்றால் பங்களா அப்பு மூலம் அந்தச் செய்தி துரைக்கு முன்பே பெரட்டுக்களத்துக்கு வந்துவிடும். இன்றைக்கு யார் முன்னால் போகக்கூடாது, யாருக்கு லீவு கேட்கலாம், எல்லாம் அதை வைத்தே தீர்மானமாகும். ஜேம்ஸ் டெய்லரை அவருடைய ஆட்கள் சாமித்துரை என்றார்கள். 1892இல் அவர் இறந்தபோது, பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இரண்டு அணி முறைவைத்து, பாரியான அந்த உடலை லூல்கந்துரவிலிருந்து கண்டி மஹியாவ மயானம் வரை தோளில் சுமந்தது. கங்காணிமாரும் தொழிலாளர்களும் பின்னால் நடந்தார்கள். தோட்டத்து மக்கள் எல்லாத் துரைக்கும் இப்படி நடந்தவர்கள் அல்லர். நாற்பது வருடம் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மதிப்பீட்டு அறிக்கை அது.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மறுபடி கம்பனிகளின் கைக்கு முகாமைத்துவம் போய், துரைமார் எல்லோரும் உள்நாட்டவர் ஆகி எத்தனையோ காலம். துரை என்ற விளியும் பெரட்டும் அப்படியே. பார்க்கும் முறையும் பெரிதாக மாறியதாகத் தெரியவில்லை.

வேலையின் அடிவேரைத் தேடிக் கலஹாப் பக்கத்து லயமொன்றில், கொழுந்தெடுத்து ஓய்ந்த ஒரு பாட்டியிடம் போனேன். அவரை நான் ஆய்வுப்பொருள் என்று நினைத்திருந்தேன், அவர் என்னைச் சனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் என்று நினைத்திருந்தார்.

"பாட்டி, கொழுந்தெடுக்க உங்களுக்கு யார் சொல்லிக்குடுத்தது?"

"யாரு சொல்லிக்குடுக்கிறா? எங்கம்மா நெரையில பக்கத்துல நிப்பாட்டி வச்சுக்கிச்சு. நான் அது கையையே பார்த்துக்கிட்டு நின்னேன். முதுகுல ஒண்ணு போட்டுச்சு. ஏன்டி, கொழுந்து என் கையிலயா மொளைக்குது, செடியப் பாருடின்னுச்சு."

ஹோதோர்னில் பல ஆண்டுகள் செலவிட்டும் எட்டாத இடத்தை இந்த ஒரு அடி எட்டிவிட்டது. கொழுந்தெடுக்கிறவரின் விரல் போகும் வேகத்தைப் பார்த்து யாரும் அசந்துபோவார்கள். படம் எடுப்பார்கள். வேகம் வேலையல்ல. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, ஒரு வாரம் கழித்து அதே நிரைக்கு வரும்போதுதான் தேறும் என்று விட்டுவைக்க வேண்டிய பிஞ்சு எது, கூடைக்குள் போனால் கணக்கப்பிள்ளை தூக்கிக் காட்டி ஏசப்போகிற முத்தல் எது, இவை அத்தனையும் விரல் தொடுமுன் கண்ணில் முடிந்துவிட வேண்டும். மட்டக்கம்பைச் செடியின் மேல் வைத்து மட்டம் பார்ப்பது பழகுகிறவர்களுக்குத்தான். பழகியவருக்குக் கண்ணே மட்டக்கம்பு. அட்டை காலில் ஏறும், படங்கு நனைந்து கனக்கும், சரிவில் கால் வழுக்கும். இத்தனைக்கும் நடுவே 16, 18, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடுகிற அளவை எட்டினால்தான் அன்றைக்குப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். எட்டாவிட்டால் அரைப்பேர். தராசில் ஏறிய கொழுந்திலும் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று ஒரு கழிவு போகும். எந்த ஈரம் எத்தனை கிலோ என்பது கணிதத்தில் இன்னும் தீராத புதிர்.

இப்போது கருதுகோளைச் சோதிக்கத் தேவையான தரவு கைக்கு வந்துவிட்டது. கொழுந்தெடுக்கும் பெண் செடியைப் பார்க்கிறார். அவரைக் கங்காணி பார்க்கிறார். கங்காணியைக் கணக்கப்பிள்ளை, கணக்கப்பிள்ளையைக் கண்டாக்கையா, கண்டாக்கையாவைச் சின்னத்துரை, சின்னத்துரையைப் பெரியதுரை. பெரியதுரையைப் பார்க்க அந்தக் காலத்தில் விசிட்டிங் ஏஜென்ட் என்று ஒருவர் வருவார், அவர் வருகிறார் என்றால் ரோட்டோரக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். அவரைக் கொழும்புக் கம்பனி பார்த்தது. கொழும்பை லண்டன் பார்த்தது. இந்த நீண்ட ஏணியில் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவரே, அவரும் ஏணியின் அடியில். ஏணி ஏற ஏறச் சம்பளம் கூடுகிறது, இலை சிறிதாகிக்கொண்டே போய்க் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. கீழ்ப்படியில் அநேகமாகப் பெண்கள், அதற்கு மேல் அநேகமாக ஆண்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மேற்பார்வை என்பதற்கு மேலே நின்று பார்ப்பது என்று பொருள் கொண்ட ஒரு சமூகம் இது.

நேர்மையான ஆய்வாளன் தன் கோட்பாட்டுக்கு இடைஞ்சலான தரவையும் காட்ட வேண்டும். இரண்டு பேர் இடைஞ்சல் தருகிறார்கள். ஒருவர் ஸ்டோரில் இருக்கும் டீமேக்கர். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்கும் வழியெல்லாம் அவர் பார்ப்பது இலையைத்தான். பார்ப்பது என்றும் சொல்ல முடியாது, முகர்கிறார். உருட்டி விரித்த இலை பச்சை வாசம் போய்ச் செம்புநிறம் ஏறி, அடுப்புக்குப் போகத் தயாராகும் கணத்தை அவருடைய மூக்கு சொல்லும். 2,000 அடிக்கும் 4,000 அடிக்கும் இடைப்பட்ட கண்டிச் சீமைத் தேயிலையில் நிறமும் கனமும் நிற்பதும் போவதும் அந்தச் சில நிமிடத்தில் இருக்கிறது. பயிற்சிக்கு வருகிறவர்கள் டீமேக்கரின் கையைப் பார்த்துக் கொப்பியில் மணிக்கணக்கு எழுதுகிறார்கள். மூக்கை யார் எழுதுவது?

மற்றவர் கொழும்பில் இருக்கும் டேஸ்டர். 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிய காலத்திலிருந்து வரிசையாகக் கோப்பைகளை வைத்து, உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பி, விலை சொல்கிற மரபு இருக்கிறது. அவரும் இலையைத்தான் பார்க்கிறார். சம்பளமும் நன்றாக வாங்குகிறார். என் ஏணிக் கோட்பாட்டில் இவரை எந்தப் படியில் நிறுத்துவதென்று யோசித்துப் பார்த்து, ஆய்வுலக வழக்கப்படி "மேலும் ஆராயப்பட வேண்டியவர்" என்று ஒதுக்கிவைக்கிறேன். தேயிலையின் இந்த முனையில் கிள்ளுகிற பெண்ணும் அந்த முனையில் துப்புகிற கனவானும் ஒரே பொருளைப் பார்க்கிறார்கள், ஒருவரையொருவர் பார்த்ததில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கலாம். ஒரு நாள் இவரை அவர் பின்னாலும், அவரை இவர் பின்னாலும் அனுப்பி மாலையில் படிவம் நிரப்பச் சொன்னால் அந்தப் படிவத்தைப் படிக்க நான் காசு கொடுப்பேன்.

முடிவுரை எழுதும் இடம் இது. அதற்குப் பதிலாக வாசகருக்குச் சில நடைமுறைத் தகவல்கள். லூல்கந்துரவில் டெய்லர் வாழ்ந்த வீட்டில் புகைபோக்கி மட்டும் மிஞ்சி நிற்கிறது. அவர் இருந்து தோட்டத்தைப் பார்த்ததாகச் சொல்லும் கல்லாசனம் ஒன்றும் மேலே இருக்கிறது. போகிறவர்கள் எல்லோரும் அதில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து மலைக்குப் பின் மலையாகப் பச்சை தெரியும், தனி இலை ஒன்றும் தெரியாது. பிறகு எழுந்து கீழே இறங்கி, கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போங்கள். நிறுவை நேரம் ஒவ்வொரு தோட்டத்திலும் வேறாக இருக்கும், கங்காணியிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தராசின் முள்ளைப் பார்க்கக் கணக்கப்பிள்ளை இருக்கிறார். நீங்கள் கூடைக்குள் பாருங்கள். மாலை பஸ்ஸுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், கண்டக்டரிடம் மிச்சக்காசு எப்போதும் இருக்காது.